ஒரு கோடியே இருபது லட்சம்

வானொலியில் சேர்ந்த முதல் வாரம். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஒரு நாட்டில் ஒரு கோடியே இருபது லட்சம் பேர் வீடிழந்து தவிக்கிறார்கள் என்று நேரலையில் வாசித்தேன். குரல் நடுங்கவில்லை, உச்சரிப்பு பிசகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தயாரிப்பாளர் மட்டும் சட்டென்று தலையை நிமிர்த்திப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. செய்தி ஏஜென்சி அனுப்பிய ஆங்கிலச் செய்தியில் இருந்தது 1.2 மில்லியன். அதாவது 12 லட்சம். ஒரே மூச்சில் அதைப் பத்து மடங்காக்கியிருந்தேன்.

அதற்கு முன் நான்கு வருடம் ஒரு செய்தி இணையதளத்தில் வேலை பார்த்திருந்தேன். அங்கே இந்தத் தவறைச் செய்திருந்தால் அரை நிமிட வேலை. எடிட் பக்கத்தைத் திறந்து, எண்ணை மாற்றி, அப்டேட் கொடுத்துவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருப்பேன். ஸ்டூடியோ மேசையில் இருந்ததெல்லாம் ஒரு மைக், ஆறு தாள், ஒரு டம்ளர் தண்ணீர், எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு. அடுத்த செய்தியை வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வாசித்தேன்.

வெளியே வந்தபோது திட்டு விழும் என்று நினைத்தேன். செய்தியறையில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் மூத்தவர் அந்தத் தயாரிப்பாளர். "தம்பி, அடுத்த புல்லட்டின்ல முதல் வேலையா திருத்தத்தை வாசிச்சிடு. ஆனா ஒண்ணு, இப்போ கேட்டவங்களே அப்பவும் கேட்டுக்கிட்டு இருப்பாங்கன்னு நினைச்சுக்காதே" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கே ஒரு சின்ன அட்டவணை எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டினேன். ஒரு மில்லியன், 10 லட்சம். ஒரு பில்லியன், 100 கோடி. ஒரு டிரில்லியன், ஒரு லட்சம் கோடி. தமிழில் செய்தி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஆங்கில ஏஜென்சிச் செய்தியை மொழிபெயர்த்துத்தான் பிழைக்கிறோம். இந்த மூன்று வரியும் மனப்பாடம்தான், யாரும் மறக்க மாட்டோம். மறப்பது இரவு இரண்டு மணிக்கு, பத்தாவது செய்தியில். அந்த அட்டவணையை இன்றைக்கும் எந்த அலுவலகம் போனாலும் முதல் நாளே ஒட்டிவிடுகிறேன். புதிதாக வருகிற பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பொதுவாக இந்தத் தொழிலில் பாதை எதிர்த்திசையில்தான் போகும். வானொலியில் இருந்தவர்கள் இணையத்துக்கு வருவார்கள். 1941இல் தொடங்கிய பிபிசியின் தமிழோசை சிற்றலை ஒலிபரப்பை 2017இல் நிறுத்திவிட்டு இணையத்தில் தொடர்ந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் போனது தலைகீழாக. இணையத்தில் நான்கு வருடம், வானொலியில் ஆறு வருடம், அப்புறம் மறுபடி இணையம், இப்போது பாட்காஸ்ட்டும் கூடவே. நண்பர்கள் கேட்டார்கள், முன்னால் போகிற வண்டியிலிருந்து இறங்கி ஏன் பின்னால் போகிற வண்டியில் ஏறுகிறாய் என்று. உண்மையான காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நான் எழுதியதை யாராவது கடைசி வரை கேட்பார்களா என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

அக்காவிடம் நான் கொண்டுபோன முதல் ஸ்கிரிப்ட்டுகளில் ஒன்றில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "கடந்த மூன்று நாட்களாகப் பெய்துவரும் கனமழையால் ஏற்பட்ட வெள்ளத்தில் சிக்கிய தனியார் பள்ளிப் பேருந்தில் இருந்த 32 மாணவர்களையும் ஓட்டுநரையும் தீயணைப்புப் படையினர் இரண்டு மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு பத்திரமாக மீட்டனர்." இணையதளத்தில் இதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இலக்கணம் சரி, தகவல் சரி, எல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டது. அக்கா நாற்காலியைத் திருப்பி எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு, "படி" என்றார். படித்தேன். பன்னிரண்டு விநாடி ஆனது. "அந்த பஸ்ஸுல என் புள்ளை இருக்கான்னு வெச்சுக்கோ. நீ கடைசியில 'மீட்டனர்'னு சொல்ற வரைக்கும் நான் மூச்சு விட முடியாது" என்றார்.

தமிழில் வினை கடைசியில் வரும் என்பது பள்ளிக்கூடத்திலேயே தெரியும். அது கேட்பவரை என்ன பாடு படுத்தும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தாளில் கண் முன்னாலே ஓடிவிடும். பத்தியைப் பார்த்தவுடனே "மீட்டனர்" கண்ணில் பட்டுவிடும். காதுக்கு அந்த வசதி இல்லை. மாற்றி எழுதினேன்: "வெள்ளத்தில் சிக்கிய பள்ளிப் பேருந்திலிருந்து 32 மாணவர்களும் பத்திரமாக மீட்கப்பட்டார்கள். ஓட்டுநரும் நலமாக இருக்கிறார். தீயணைப்புப் படையினர் இரண்டு மணி நேரம் போராடி அவர்களைக் கரைசேர்த்தார்கள்." மழையை அதற்கப்புறம் சொன்னால் போதும். மழை பெய்வது கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியும்.

இதே கடைசிச் சொல் சங்கதி இன்னொரு இடத்தில் ஆபத்தாகவே ஆகும். "அவருடைய உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை" என்று எழுதுகிறோம். காரில் கேட்டுக்கொண்டிருப்பவர் பாலத்துக்கு அடியில் போகும்போது அந்த "இல்லை" கரகரப்பில் போய்விட்டால் மிஞ்சுவது "உயிருக்கு ஆபத்து". அதனால் "நலமாக இருக்கிறார்" என்றே எழுதப் பழகினேன். எதிர்மறையைக் கூடிய மட்டும் நேர்மறையாகத் திருப்பிவிடுவது. "மறுக்கவில்லை" என்று வந்தால் எனக்கே தலை சுற்றும். ஒத்துக்கொண்டாரா, வாயைத் திறக்கவில்லையா என்று நிருபரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவேன். இரண்டும் வேறு வேறு செய்தி.

மேற்கோளும் அப்படித்தான். "இந்தத் திட்டத்தில் பெரும் ஊழல் நடந்திருக்கிறது, மக்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறார்கள் என்று எதிர்க்கட்சித் தலைவர் குற்றம்சாட்டினார்." தாளில் மேற்கோள் குறி காப்பாற்றும். வானொலியில் அந்த "என்று" வரும் வரைக்கும், ஊழல் நடந்திருக்கிறது என்று நிலையமே அறிவிப்பதுபோல இருக்கும். சொன்னவரை முதலில் கொண்டுவர வேண்டும். "எதிர்க்கட்சித் தலைவர் ஒரு குற்றச்சாட்டை வைத்திருக்கிறார்." அப்புறம் அது என்ன என்று சொல்லலாம்.

ஆங்கிலத்தில் வந்த வானொலிப் பயிற்சிப் புத்தகங்களில் விநாடிக்கு மூன்று சொல் என்று ஒரு கணக்கு போடுவார்கள். அதை நம்பி நான் எழுதிய முதல் ஐந்து நிமிடச் செய்தி அறிக்கை எட்டு நிமிடத்தைத் தாண்டியது. தமிழ்ச் சொல் நீளம். "மீட்கப்பட்டவர்களுக்கு" என்பது ஒரே சொல்தான், ஆனால் நாக்குக்கு அது நான்கு சொல் வேலை. என் வேகத்தில் நிமிடத்துக்கு 110 சொல் வரும். ஐந்து நிமிடத்தில் தலைப்புச் செய்திகளையும் சேர்த்து ஐந்நூற்றுச் சொச்சம். இணையத்தில் ஒரு சாதாரண விளக்கக் கட்டுரை ஆயிரம் சொல் போகும். அதில் பாதி இடத்துக்குள் ஒரு நாள் உலகத்தையே அடக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கடிகாரத்தை வைத்து உங்கள் வேகத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். மற்றவர் கணக்கு உங்களுக்கு உதவாது.

ஸ்டூடியோவுக்குள் தெரிந்துகொண்ட சில்லறை விஷயங்களுக்கு அளவில்லை. தாள்களை ஸ்டேப்ளர் அடிக்கக் கூடாது, திருப்பும் சத்தம் மைக்கில் விழும். ஒரு செய்தி பக்கத்தின் நடுவில் முறிந்து அடுத்த பக்கத்துக்குப் போகக் கூடாது. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் ஓரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு "ப"வும் பட்டாசாக வெடிக்கும். எண்களை ஸ்கிரிப்ட்டில் எழுத்தால் எழுதிவிடுவது நல்லது. 48,37,215 என்று தாளில் இருந்தால் எந்த வாசிப்பாளரும் ஒரு கணம் தடுமாறுவார். "சுமார் நாற்பத்தெட்டு லட்சம்" என்று எழுதிவிட்டால் தடுமாற ஒன்றுமில்லை, கேட்பவருக்கும் நினைவில் நிற்கும். கடைசியில் எப்போதும் பத்து விநாடிச் செய்தி ஒன்றும் இருபது விநாடிச் செய்தி ஒன்றும் கைவசம் இருக்க வேண்டும். நேரம் மிஞ்சினால் எதைச் சேர்ப்பது என்று யோசிக்க அப்போது நேரம் இருக்காது.

"மலைப்பகுதியில் மழை" என்பதைத் தினமும் காலையில் பத்துத் தடவை சொல்லிப் பார்ப்பேன். இணையத்திலிருந்து வந்தவனுக்கு ல, ள, ழ எல்லாம் விரல் பார்த்துக்கொண்ட விஷயம். நாக்கு அதுவரை பொறுப்பே எடுத்ததில்லை. (இதில் ஒரு வேடிக்கை, வானொலியைப் பற்றி எழுதும் பல இணையச் செய்திகளில் இன்றும் "ஒளிபரப்பு" என்றே வருகிறது. ஒலியைப் பரப்புவதற்கு ஒளி எதற்கு?)

வெளியே போய்ப் பதிவு செய்வதில்தான் நான் அதிகம் அடிபட்டேன். ஒருவரைச் சம்மதிக்கவைக்க இரண்டு மாதம் அலைந்து, நாற்பது நிமிடம் பேட்டி எடுத்தேன். கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு, ஹெட்ஃபோன் போடாமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து கேட்டால், பேட்டி முழுக்க மின்விசிறி பேசியது. நடுநடுவே நான் "ம்... ம்... சரி..." என்று தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். எதையும் வெட்டி எடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து பழகியது: மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக் கேட்கக் கூச்சப்படுவதில்லை; போனை ஃபிளைட் மோடில் போடுவது; ஹெட்ஃபோன் இல்லாமல் பதிவைத் தொடங்குவதில்லை; ஆமோதிப்பதைத் தலையாட்டலோடு நிறுத்திக்கொள்வது. முதல் கேள்விக்கு முன் அவரையே தன் பெயரையும் பொறுப்பையும் சொல்லச் சொல்வேன். ஒலியளவும் சரிபார்த்தாகிறது, பெயரை எப்படி உச்சரிப்பது என்பதும் பதிவாகிவிடுகிறது. கிளம்பும் முன் அதே இடத்தில் யாரும் பேசாமல் முப்பது விநாடி வெறும் அமைதியைப் பதிவு செய்துகொள்வேன். ரூம் டோன் என்பார்கள். எடிட்டிங்கில் ஒரு வாக்கியத்தை வெட்டினால் ஓட்டை தெரியாமல் அடைக்க அதுதான் ஒட்டுத்துணி.

ஆறு வருடம் கழித்து இணையத்துக்குத் திரும்பியபோது முன்பு நான் செய்த ஒரு காரியம் வேறு மாதிரி உறுத்தத் தொடங்கியது. முதல் இணைய வேலையின்போது, ஒரு மூத்த கலைஞர் இறந்துவிட்டதாக இன்னொரு தளத்தில் வந்ததைப் பார்த்து, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் நானும் போட்டேன். நோட்டிஃபிகேஷனும் அனுப்பினேன். கால் மணி நேரத்தில் அவருடைய உறவினர் ஒருவர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். "அவர் இங்கதான் உட்கார்ந்து உங்க செய்தியைப் படிச்சுக்கிட்டு இருக்கார்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. பக்கத்தை நீக்கினோம். திருத்தமும் போடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. நடக்காததுபோல இருந்துவிடலாம் என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. எங்கள் லோகோவோடு அந்த ஸ்க்ரீன்ஷாட் ஒரு வாரம் சுற்றியது.

இணையத்தில் எதையும் மாற்றிக்கொள்ளலாம் என்று அப்போது நினைத்திருந்தேன். பக்கத்தை மாற்றலாம். அனுப்பிய நோட்டிஃபிகேஷனை வாசித்தவர் மனதிலிருந்து எடுக்க முடியாது. தலைப்பைத் திருத்தினாலும் பக்கத்தின் முகவரியில் பழைய தலைப்பு அப்படியே நிற்கும். வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பகிர்ந்தவர்களுக்குப் பழைய தலைப்பே முன்னோட்டமாகத் தெரியும். போனில் டிங் என்று வந்து விழுகிற அந்த ஒரு வரியும் வானொலி மாதிரிதான், போனது போனதுதான். இப்போது நான் இருக்கும் டெஸ்க்கில் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறேன். மரணச் செய்தி என்றால் குடும்பத்தினரோ மருத்துவமனையோ சொல்லாமல் போடுவதில்லை. பத்துத் தளங்கள் போட்டுவிட்டன என்பது பத்து ஆதாரம் ஆகாது, பெரும்பாலும் அந்தப் பத்தும் ஒரே இடத்திலிருந்து எடுத்தவை. இரண்டாவது, தவறு திருத்தினால் என்ன தவறு, எப்போது திருத்தினோம் என்று கட்டுரையின் மேலேயே ஒரு வரி. இதனால் நம்பகத்தன்மை போய்விடும் என்று வாதாடும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். வானொலியில் திருத்தம் வாசித்த நாட்களில் வந்த போன்களை அவர்கள் எடுத்துப் பேசியிருக்க வேண்டும்.

இரண்டு இடத்துக்கும் ஒன்றுபோலப் பொருந்தாத ஒரு சொல் "இன்று". வானொலியில் அது ராஜா. "இன்று காலை" என்றால் கேட்பவருக்கும் அதே இன்றுதான். இணையத்தில் அதை எழுதினால், மூன்று வருடம் கழித்துத் தேடி வருகிறவர் "இன்று பள்ளிகளுக்கு விடுமுறை" என்ற தலைப்பைப் பார்த்துப் பகிர்ந்துவிடுவார். நடக்கிறது, மழைக்காலம் தவறாமல் நடக்கிறது. அதனால் இணையத்துக்குத் தேதி, வானொலிக்கு "இன்று". ஒரே ஸ்கிரிப்ட்டை இரண்டுக்கும் போடச் சொல்லும் நிர்வாகங்களிடம் நான் முதலில் காட்டும் உதாரணம் இதுதான்.

டாஷ்போர்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இணையத்தில் இந்த விநாடி எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று சுவரில் பெரிய திரையில் ஓடும். வானொலியில் எதுவும் தெரியாது. 1920 நவம்பர் 2ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் கேடிகேஏ நிலையம் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பிய இரவில், இதைக் கேட்பவர்கள் தயவுசெய்து எங்களுக்குத் தெரிவியுங்கள் என்று அறிவிப்பாளர் கேட்டுக்கொண்டார். ஒலி எவ்வளவு தூரம் போகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. நூறு வருடம் கழித்து நான் வாசித்தபோதும் நிலைமை அதிகம் மாறியிருக்கவில்லை. பத்து நாள் கழித்து யாராவது போன் செய்து, அன்றைக்குச் சொன்னீர்களே என்று ஆரம்பிப்பார்கள். ஆனால் அவர்கள் முழுதாகக் கேட்டிருப்பார்கள். திரையில் நாற்பதாயிரம் என்று காட்டும்போது, அதில் எத்தனை பேர் இரண்டாம் பத்தியைத் தாண்டினார்கள் என்று பார்த்தால் உற்சாகம் வடிந்துவிடும். நான் அந்தத் திரைக்கு முதுகு காட்டித்தான் உட்காருகிறேன். அக்காவிடம் கற்ற வித்தை, வேறு காரணத்துக்கு.

பாட்காஸ்ட் என்ற பெயரே 2004இல் பென் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் எழுதிய ஒரு கட்டுரையில், இதை என்னவென்று அழைக்கலாம் என்று அவர் போகிறபோக்கில் அடுக்கிய மூன்று பெயர்களில் ஒன்று. நான் பாட்காஸ்ட் தொடங்கியபோது, இரண்டு தொழிலும் தெரிந்ததால் சுலபம் என்று நினைத்தேன். வானொலிக் குரலில் பேசினேன். ஹெட்ஃபோனில் கேட்டால் காதுக்குள் யாரோ அறிவிப்பு செய்வதுபோல இருந்தது. குரலை இறக்கி, எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பதுபோலப் பேச ஆறு மாதம் ஆனது. ஒலியளவு வேறு. எல்யூஎஃப்எஸ் என்ற ஒலியளவு அலகில் ஐரோப்பிய ஒலிபரப்புத் தரம் மைனஸ் 23; பாட்காஸ்ட்டுக்குப் பலரும் இன்னும் சத்தமாக, மைனஸ் 16 வாக்கில் வைக்கிறார்கள். வானொலிக்குச் செய்த கோப்பை அப்படியே ஏற்றினால் தெருவில் நடப்பவருக்குக் கேட்காது. திருப்பிக் கேட்கும் வசதி இருக்கிறதே, நீளமாக எழுதலாமே என்றும் தோன்றும். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பவர் ஈரக்கையோடு போனைத் தொட மாட்டார். அதனால் பேருந்து வாக்கியத்தின் பாடம் அங்கேயும் செல்லும்.

கடைசியாக, எல்லாரும் தள்ளிப்போடுகிற ஒரு வேலை. நான் முதலில் வேலை பார்த்த இணையதளம் ஒருநாள் மூடப்பட்டது. நான்கு வருட எழுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட செய்திகள், ஒரே இரவில் "பக்கம் கிடைக்கவில்லை" ஆனது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் தேடி முப்பது நாற்பது மீட்டேன். வானொலியில் நிலைமை இன்னும் மோசம். நிலையம் அறிக்கைகளைச் சில மாதங்கள் வைத்திருந்துவிட்டு அழித்துவிடும். ஒப்பந்தத்தில் பதிவுகள் நிறுவனத்துக்கே சொந்தம் என்று இருந்தது, நான் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். அடுத்த வேலைக்கு மாதிரி கேட்டபோது கொடுக்க ஒன்றுமில்லை. இப்போதெல்லாம் எழுதியது வெளிவந்த அன்றே பிடிஎஃப் எடுத்து வைக்கிறேன். ஒப்பந்தம் வந்தால், மாதிரிக்காக என் பதிவுகளின் நகல் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன்.

அந்த ஆறு வருட வானொலியில் இன்று என் ஹார்ட் டிஸ்கில் முழுதாக இருப்பது ஒரே ஒரு அறிக்கைதான். புதிதாகச் சேர்ந்த சந்தோஷத்தில் வீட்டில் இருந்தவர்களைப் போனில் பதிவு செய்யச் சொல்லியிருந்தேன். முதல் வாரத்து அறிக்கை. மூன்றாவது செய்தியில் தெளிவாக, நல்ல உச்சரிப்போடு, ஒரு கோடியே இருபது லட்சம் என்கிறேன். அடுத்த புல்லட்டினில் திருத்தம் வாசித்ததை அவர்கள் பதிவு செய்யவில்லை. அதற்குள் ரேடியோவை அணைத்துவிட்டார்களாம்.